ஒரு குழாயும் ஒரு மெத்தையும்

1

ஜெர்மனியில் என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யார் கேட்டாலும் "கார் கம்பெனி" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது என் வழக்கம். முழுதாகச் சொன்னால் சிரிப்பார்கள். அதோடு, இதற்காகவா இவனைக் கடல் கடந்து அனுப்பினோம் என்று என் அம்மா வருத்தப்படவும் கூடும். இந்த நாட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு ஒன்பது வருடம் ஆகிறது. இனிமேலாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

வேகக் கார்களில் என்ஜின் போடும் சத்தத்தைப் பிடித்து, காருக்குள் உட்கார்ந்திருப்பவர் காதில் கொண்டுபோய் விடுவதுதான் என் வேலை.

சும்மா இருந்தாலே கேட்காதா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காது. கார் வெளியே இவ்வளவுக்கு மேல் சத்தம் போடக்கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. கண்ணாடியும் கதவும் வேறு ஆண்டுக்காண்டு கனத்துக்கொண்டே போகின்றன. கடைசியில் பெரிய என்ஜினுள்ள காரை ஆசையாக வாங்கியவர், அதில் உட்கார்ந்தால் ஒன்றுமே தெரியவில்லை என்று புகார் எழுதுகிறார். அதற்காக நாங்கள் ஒரு குழாய் வைக்கிறோம். என்ஜின் காற்றை உறிஞ்சும் இடத்திலிருந்து அது கிளம்பும். நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். காற்று அதைத் தாண்டாது, அதன் அதிர்வு மட்டும் தாண்டும். அப்பால் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தடுப்பு வழியாகச் சத்தம் உள்ளே வந்துவிடும். குழாயில் ஒரு மூடியும் உண்டு. ஓட்டுகிறவர் பொத்தானை அமுக்கினால் திறக்கும், வேண்டாமென்றால் மூடிக்கொள்ளும்.

குழாயை இரண்டு விரல் அகலம் நீட்டினால் ஒரு சத்தம், குறைத்தால் வேறொரு சத்தம். எது நல்லது என்று தீர்மானிக்கப் பன்னிரண்டு பேர் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்காருவோம். நல்ல சத்தத்துக்கு ஜெர்மன்காரர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டவனுக்கும் அதே சொல்தான். அந்தச் சொல்லுக்கு நேரே நான் குறியிடும்போதெல்லாம் எனக்குள் கேட்பது ஒரே ஒரு வண்டியின் சத்தம்தான்.

2

அது என் அத்தாவின் லாரி.

கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். அத்தா என்று நான் கூப்பிடும் என் அப்பா காதர் பாய், வியாபாரி. மலை மேல் ஊர்களான வாழவந்தி நாட்டிலும் திருப்புலி நாட்டிலும் மிளகும் பலாவும் வாங்கித் தன் சொந்த லாரியில் கீழே கொண்டுவருவார். ஓட்டுவதும் அவரேதான். அந்தக் கால லாரியில் என்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, கேபினுக்குள், ஒரு தகரப் பெட்டி போட்டு மூடியிருக்கும். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் அந்தப் பெட்டி மேல்தான் உட்காருவார்கள். குளிர்காலத்தில் அந்த இடத்துக்குப் போட்டியே நடக்கும். சத்தத்தை உள்ளே கொண்டுவர யாரும் பாடுபட வேண்டியிருக்கவில்லை. காரவள்ளியிலிருந்து மேலே போகும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அது எங்கள் மடியில் உட்கார்ந்து வந்தது.

இறக்கத்தில் கனத்த வண்டியை பிரேக் மட்டும் பிடித்து நிறுத்தாது, கியர்தான் பிடிக்க வேண்டும். வளைவுக்கு முன்னால் கிளட்சை மிதித்து, கியரை எடுத்து நடுவில் விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். என்ஜின் சத்தம் சரியான உயரத்துக்கு ஏறியதும் மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ் கியரைத் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போல விழும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் கரகரவென்று பல்லைக் கடிக்கும், விழாது. அந்த உயரத்தைக் காட்ட எங்கள் வண்டியில் முள் எதுவும் கிடையாது. அத்தாவின் காதுதான் முள்.

அந்தக் காதில் 1998 வாக்கில் வண்டு ரீங்கரிக்க ஆரம்பித்தது. சாப்பிடும்போது அம்மா இரண்டு தரம் கூப்பிட்டால்தான் திரும்புவார். நான் அப்போது கோயமுத்தூரில் என்ஜினீயரிங் முடித்துவிட்டு, ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்து, விசாவுக்காக வீட்டில் காத்திருந்தேன். படித்த திமிர் கையில் நமநமவென்றிருந்த காலம். ரப்பர் ஷீட், தேங்காய் நார், பஞ்சு, மேலே சிவப்பு ரெக்ஸின் என்று அடுக்கி, கோணி ஊசியால் நானே தைத்து, என்ஜின் பெட்டிக்கு அளவெடுத்தாற்போல் ஒரு மெத்தை செய்தேன். நான்கு மூலையிலும் கட்ட நாடா. இரண்டு நாளில் விரலெல்லாம் பொத்தல்.

மாட்டிவிட்டு அத்தாவைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன்.

"அடேயப்பா! ஏசி காராட்டம் இருக்குது கண்ணு," என்றார். அம்மாவிடமும் சொன்னார். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டும் சொன்னார். நான் மிதந்தேன்.

பத்தாம் நாள், பலா ஏற்றி இறங்கிய லாரி முப்பத்தெட்டாவது வளைவில் கியர் விழாமல் ஓடி மலைச்சுவரில் மோதிச் சாய்ந்தது. பள்ளத்துப் பக்கம் போகாமல் அத்தா ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பியதால் வண்டியில் இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். என்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்து வந்த பொன்னனுக்கு வலது கால் முறிந்தது. பொன்னன் வாழவந்தி நாட்டில் மிளகுக் கொடி வைத்திருக்கும் விவசாயி, அத்தாவுக்கு இருபது வருடச் சிநேகிதர்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்ற லாரியைப் போய்ப் பார்த்தேன். மெத்தை கதவோரம் கீழே கிடந்தது. இடித்த வேகத்தில் பிய்த்துக்கொண்டு விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். யாரும் எதுவும் சொல்லாமலே எனக்குக் கணக்குப் புரிந்தது. சத்தம் கேட்டுக் கியர் போடுகிற மனிதனின் சத்தத்தை நான் பஞ்சால் அடைத்திருக்கிறேன்.

"என்ன பாய், தூங்கிப்புட்டீங்களா?" என்று ஊரே கேட்டது. அத்தா எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "எம்மேலதான் தப்புங்க. கியரத் தவற உட்டுட்டேன்."

அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் நான் செய்ததிலேயே பெரிய கோழைத்தனம் அதுதான்.

3

அதன் பிறகு நடந்தது சின்னச் சின்ன விஷயங்கள். ஆனால் இங்கே பனி கொட்டும் காலைகளில் டிராமுக்குக் காத்து நிற்கும்போது அவைதான் ஞாபகம் வரும்.

நான் விமானம் ஏறக் கிளம்பிய அன்று, சேலம் வரை கொண்டுவிட அத்தா யாரிடமோ ஜீப் கேட்டு வாங்கி வந்து வாசலில் நிறுத்தியிருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "பஸ்லயே போய்க்கறேனுங்கத்தா," என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கியர் போடுவதைப் பார்க்க எனக்கு முகமில்லை. அவர் என்ஜினை அணைத்தார். அப்புறம் இறங்கிவந்து, பஸ் நிறுத்தம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தார்.

மூன்று வருடம் கழித்து விடுமுறைக்குப் போனபோது பழைய வேன் ஒன்று வாங்கியிருந்தார். "வா, பொன்னனப் பாத்துட்டு வரலாம்" என்றார். நான் மறுபடியும் பஸ் என்றேன். அடுத்த முறை போனபோது வேன் இல்லை. விற்றுவிட்டேன், இனி ஓட்டுவதாயில்லை என்றார். கடைவீதியில் மிளகுக் கொள்முதல் கடை போட்டிருந்தார். கடையில் அவர் உட்கார்ந்திருந்தது அதே சிவப்பு ரெக்ஸின் மெத்தையின் மேல்.

வேறு உட்காரும் பலகையா கிடைக்கவில்லை? வேண்டுமென்றே வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. வாய் திறந்து கேட்கமாட்டார், ஆனால் மறக்கவும் விடமாட்டார். கடையில் இருந்த அரை மணி நேரமும் எனக்கு முள் மேல் நின்றதுபோல் இருந்தது.

என் மனைவி சபீனாவுக்குக்கூட இதைச் சொன்னதில்லை. மகள் ஆயிஷாவிடம் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அவள் இங்கேயே பிறந்தவள், சத்தமென்றாலே ஆகாது. போனில் தாத்தா "கண்ணு, சாப்பிட்டியா?" என்று கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். தாத்தாவும் "செரி செரி, நல்லாச் சாப்புடு" என்பார். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்து மாய்ந்துகொண்டிருந்தேன்.

4

2006-இல் அத்தாவை இங்கே அழைத்தேன். அம்மா முழங்கால் வலியோடு விமானம் ஏற மறுத்துவிட்டாள்.

வெளிநாட்டினர் அலுவலகத்தில் அழைப்புப் பத்திரம் எழுதுவது ஒரு தனிக் கல்வி. வீட்டு வாடகைப் பத்திரம் கொண்டு போனால் வீட்டின் பரப்பளவு எங்கே என்பார்கள். அதைக் கொண்டு போனால் போன வாரம் கொடுத்த தாள் பழசாகிவிட்டது என்பார்கள். மூன்றாம் முறை எல்லாத் தாளும் சரியாக இருந்தது. வருகிறவரின் தொழில் என்ற கட்டத்தில் மட்டும் என் பேனா நின்றது. "டிரைவர்" என்று எழுதினேன். அடித்துவிட்டு "வியாபாரி" என்று எழுதினேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று மேஜைக்கு அப்பால் இருந்த அம்மாள் புதுத் தாளை நீட்டினார்.

"உங்கள் அப்பா என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்டது கேலியில்லை, வெறும் ஒழுங்கு. எனக்குக் காது சூடாகிவிட்டது. புதுத் தாளில் வியாபாரி என்றே எழுதினேன்.

அத்தா வந்து சேர்ந்தார். இரண்டு வாரம் சாந்தமாகப் போயிற்று. டிராமில் ஏறினால் டிரைவர் தெரியும் இருக்கையாகப் பார்த்து உட்காருவார். "சத்தமே இல்லாம போறானே, எப்படித்தான் ஓட்டறானோ பாவம்" என்று அந்த டிரைவருக்காகக் கவலைப்படுவார். ஆயிஷாவும் அவரும் எப்படியோ சிநேகமாகிவிட்டார்கள். அவள் ஜெர்மன் பேசுவாள், அவர் எங்கள் ஊர்ப் பேச்சு பேசுவார், இரண்டு பேருமாகச் சேர்ந்து சீட்டு விளையாடுவார்கள்.

அப்போதுதான் எங்கள் தொழிற்சாலையில் குடும்பத்தாருக்கான நாள் வந்தது. வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துப்போய், சோதனை ஓட்டப் பாதையில் புதுக் காரில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டலாம். எட்டு வருடத்தில் முதல் முறையாக அத்தாவும் நானும் ஒரே வண்டியின் முன்னிருக்கையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஓட்டியது நான்.

பொத்தானை அமுக்கினேன். குழாயின் மூடி திறந்தது. காலை அழுத்தினேன்.

அத்தா முதுகை நிமிர்த்தினார். இரண்டு வளைவு போனது. பிறகு கையை நீட்டி முன்பலகையைத் தடவி, சத்தம் வரும் இடத்துக்கு நேர் மேலே உள்ளங்கையை வைத்தார். அது எங்களில் பயிற்சி பெற்றவர்களே தேடிக் கண்டுபிடிக்கும் இடம்.

"இது தானா வர்ற சத்தமில்லியே கண்ணு. இங்க ஏதோ ஓட்டை போட்டு உட்டிருக்கறாங்க."

"ஆமாங்கத்தா. குழா வெச்சிருக்குது. அதுதான் என்ற வேலை."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அன்னிக்குச் சத்தம் உள்ள வரக்கூடாதுன்னு மெத்தை தெச்ச. இன்னிக்குக் குழா வெச்சு உள்ள கூப்புடற. இதுக்கா இத்தனை படிப்பு?"

பாதை ஓரத்தில் காரை நிறுத்தினேன். நிறுத்தக் கூடாத இடம் அது.

"அத்தா, அன்னிக்கு அந்த மெத்தையாலதான் உங்களுக்கு என்ஜின் சத்தம் கேக்கல. நாந்தான் பொன்னண்ணன் காலை ஒடச்சேன். நீங்க பழிய ஏத்துக்கிட்டீங்க, நான் சும்மா இருந்துட்டேன்." ஒரே மூச்சில் சொன்னேன். எட்டு வருடமாக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோய் இவ்வளவுதான் வந்தது.

அத்தாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"மெத்தையாலயா? அது மாட்டியே இல்லியே."

"என்னங்கத்தா?"

"மொத நாளே தெரிஞ்சு போச்சு கண்ணு, அத வெச்சுட்டு மலை ஓட்ட முடியாதுன்னு. ஒண்ணுமே கேக்கல. தெனமும் காரவள்ளில நிறுத்தி, நாடாவ அவுத்து, சீட்டுக்குப் பின்னால சொருகிக்குவேன். எறங்கி வந்து, ஊருக்குள்ள வர்றதுக்கு முன்னால மறுபடி கட்டிக்குவேன். நீ வாசல்ல நின்னு பாப்பியே. வெரலெல்லாம் குத்திட்டுத் தெச்ச பையன். எப்படிச் சொல்றது?"

கதவோரம் கிடந்த மெத்தை கண்ணில் வந்தது. நான்கு நாடாவில் ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"அப்ப கியரு ஏனுங்க உழுகல?"

அத்தா கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"பொன்னங்கிட்ட உன்ற பேச்சத்தான் பேசீட்டு வந்தேன். பையனுக்கு ஜெர்மனில எடங்கெடச்சிருக்குது, எனக்குக் காது போகக்கூடாதுன்னு மெத்தையெல்லாம் தெச்சுக் குடுத்திருக்கறான்னு. எங்க, காட்டுங்க பாய்னு கேட்டான். பின்னால கைய உட்டு இழுத்து, ஒரு கைல புடிச்சுக் காட்டீட்டிருந்தேன். பாத்தா வளைவு வந்திருச்சு. எந்த டிரைவர் இதச் சொல்லிக்குவான்? பொன்னங்கிட்ட, யார்கிட்டயும் சொல்லீராதீன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

பின்னால் வந்த கார் ஒளியடித்தது. கொடி வைத்திருந்த ஆள் எங்களை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தான்.

"அப்ப இத்தன வருசமா எம்பக்கத்துல உக்கார மாட்டேன்னது இதுக்குத்தானா?" அத்தாவின் குரல் இறங்கியிருந்தது. "நானு, ஒருக்கா வண்டிய உட்டவன நம்பி ஏற உனக்குப் பயமாயிருக்குதுன்னு நெனச்சேன். பெத்த பையனே ஏறாத வண்டிய எதுக்கு ஓட்டறதுன்னுதான் வேன வித்தேன்."

கொடிக்காரன் கண்ணாடியைத் தட்டினான். பழுதா என்று ஜெர்மனில் கேட்டான். இல்லை என்று சொல்ல எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூட வரவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். அத்தா அவனைப் பார்த்துக் கையசைத்து, "ஒண்ணுமில்லீங்க தம்பி, போலாம்" என்றார். அவனுக்கு அது போதுமாயிருந்தது.

5

இந்த வருடம் பலாக் காலத்தில் நானும் சபீனாவும் ஆயிஷாவும் ஊருக்குப் போனோம்.

போன உடனே அத்தாவை லைசென்ஸ் புதுப்பிக்கக் கூட்டிப்போனேன். அந்த அலுவலகத்தின் வரிசைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மன்காரர்கள் பரவாயில்லை என்று அன்று மட்டும் நினைத்தேன். டாக்டர் சர்டிபிகேட்டுக்காகக் காதையும் பார்த்தார்கள். வலது காது கொஞ்சம் மந்தம், ஓட்டலாம் என்றார் டாக்டர். தொழில் என்ற கட்டத்தில் டிரைவர் என்று நான் எழுதினேன். அத்தா எட்டிப் பார்த்துக்கொண்டார்.

தெரிந்தவரிடம் ஒரு பழைய லாரி கேட்டு வாங்கினோம். கேபினுக்குள் என்ஜின் உள்ள வண்டியாகவே வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஆயிஷாவும் சபீனாவும் வழியனுப்ப வாசலுக்கு வந்தார்கள். என்ஜின் உறுமியதும் ஆயிஷா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஆனால் உள்ளே ஓடவில்லை.

கடையிலிருந்த மெத்தையை அத்தாவே கொண்டுவந்து என்ஜின் பெட்டி மேல் கட்டியிருந்தார். காரவள்ளி வந்ததும் வண்டியை ஓரம் கட்டினார். நான்கு நாடாவையும் நிதானமாக அவிழ்த்தார். ரெக்ஸின் வெளுத்து, ஒரு மூலையில் நார் எட்டிப் பார்த்தது. அதைச் சீட்டுக்குப் பின்னால் சொருகப் போனவர், நின்று, என்னிடம் நீட்டினார்.

"இந்தா, மடில வெச்சுக்க."

மேலே பொன்னண்ணன் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து ஏறினார். பெட்டி மேல் உட்கார்ந்து, "வெறுந் தகரம் சுடுதுங்களே பாய், அந்த மெத்தையத்தான் போடறது?" என்றார். அத்தா அவரை முறைத்தார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். இந்தக் கேலி எட்டு ஒன்பது வருடமாக இவர்களுக்குள் ஓடியிருக்கிறது, எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

பலா ஏற்றிக்கொண்டு இறங்கினோம். ஐம்பதாவது வளைவு தாண்டியது. நாற்பது தாண்டியது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன், கிளட்ச், ஒரு தட்டு, என்ஜின் குரல் ஏறுவது, கியர் விழுவது. வயிறு நிறைந்த சத்தம். முப்பத்தெட்டு என்று எழுதிய கல் தெரிந்தது. அன்று இடிந்த இடத்தில் திருப்பிக் கட்டிய சுவர் தனி நிறத்தில் இருந்தது.

"அத்தா, இங்கதான..." என்று ஆரம்பித்தேன்.

அவர் திரும்பவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"பேசாத கண்ணு," என்றார். "கேக்கோணும்."